மட்டக்களப்பு வாவியில் ஒரு பெட்டியைத் திறந்தேன்

சுகந்தினிமேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வாவியின் அழகைப் பார்க்கப் போனவள்போலக் கடைசிவரை நடிக்க வேண்டியிருக்கும். அவ்வளவு பொறுமை எனக்கில்லை.

பதினான்கு வருடங்களுக்கு முன்பு நாங்கள் திருச்சியில் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். நான் சீனியர், அவள் மட்டக்களப்பிலிருந்து படிக்க வந்த சின்னப் பெண். இருவருக்கும் ஒரே ஆராய்ச்சி. நீர்மட்டம், வெப்பம், மண்ணின் ஈரம் என்று எதையாவது அளந்து கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் சிறு உணரிகள் இருக்கின்றன அல்லவா? அவை சொல்வதை நடுவில் எவரும் மாற்றிவிடாமல் எப்படிக் காப்பது, அந்தக் காவலே பேட்டரியைத் தின்று தீர்க்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. நான் அதில் கட்டுரைமேல் கட்டுரையாக எழுதித் தள்ளினேன். என் உணரிகள் கணினிக்குள்ளேயே பிறந்து கணினிக்குள்ளேயே செத்தன. ஒன்றுகூட நனைந்ததில்லை. அவளுடைய எட்டு உணரிகள் வாவியில், நிஜத் தண்ணீரில் நிற்கின்றன. அவள் அனுப்பிய படத்தில் அவற்றைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த எட்டையும் சோதித்து, இவற்றை எவரும் ஏமாற்ற முடியாது என்று வெளிநாட்டு ஆள் ஒருவர் கையெழுத்திட வேண்டுமாம். சுகந்தினி என் பெயரைக் கொடுத்திருந்தாள். ‘வாங்கோ அக்கா, இறால் சாப்பிடலாம்’ என்று மின்னஞ்சலின் அடியில் ஒரு வரி வேறு. போகாமல் இருப்பேனா? ஒரு ஓட்டையாவது கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டு, உணரிப் பெட்டிகளுக்கு அட்டைப் பூட்டு என்று அவள் தந்த ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே இருந்ததால், சேலைகளுக்கு நடுவே அட்டை படிக்கும் கருவி ஒன்றையும் சில வெற்று அட்டைகளையும் சுருட்டி வைத்தேன்.

ஓட்டமாவடியில் பஸ்ஸின் பின் டயர் வெடித்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார்: “டயர் நேத்தே மௌத்தாப் போச்சாம், இண்டைக்குச் சத்தம் மட்டும்தான் போட்டதாம்.” மௌத் என்றால் சாவு.

எதிரே ஒரு தேநீர்க்கடை. பால் இல்லாத, இஞ்சி தட்டிப் போட்ட தேநீர். பால் இல்லாவிட்டால் அது கஷாயம் என்று வாழ்நாளெல்லாம் நம்பியவள் நான், இரண்டு கிளாஸ் குடித்தேன். கடைக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஸ் இந்தியாவா? படத்துல கதைக்கிற மாதிரியே கதைக்கிறீங்க. எங்க பயணம்?”

வாவியில் வைத்திருக்கும் கருவிகளைப் பார்க்க என்றேன்.

“அட, சுகந்தினி மிஸ்ட பெட்டியா! சொல்லுங்களன் அத. எங்கட ஆக்கள் எல்லாருக்கும் தெரியும்.”

எனக்குச் சுருக்கென்றது. என் கல்லூரியில் வாசல் காவலாளிக்கு நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்றுகூடத் தெரியாது. இவளுடைய பெட்டியை வாவிக்கு எத்தனையோ மைல் தள்ளித் தேநீர் ஆற்றுகிறவர் தெரிந்து வைத்திருக்கிறார். மூன்றாவது கிளாஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செங்கலடிச் சந்தியில் அவள் ஸ்கூட்டருடன் நின்றிருந்தாள். தலையில் இரண்டு நரை. பரவாயில்லை, எனக்கு இரண்டுக்கும் மேலே இருந்தாலும் மையடித்திருந்தேன். “அக்கா, களைச்சிப் போயிட்டீங்க, வாங்க, முதல்ல சாப்பிடுவம்” என்று என் பயணப் பையைப் பிடுங்கிக்கொண்டாள். புளியந்தீவில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே எனக்கு அறை எடுத்திருந்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டு, இறால் ஆணம் என்கிற குழம்பு, தேங்காய்ப்பால் சொதி. எங்கள் வீட்டில் அரை மூடித் தேங்காய்க்கு இரண்டு முறை யோசிப்போம், இங்கே சொதிக்கு மட்டுமே ஒரு முழுக்காய். சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது, சமைத்தது அவள் கணவர். பள்ளிக்கூட ஆசிரியர். பரிமாறியதும் அவரே, பாத்திரம் கழுவப் போனதும் அவரே. என் வீட்டுக்காரருக்கு அடுப்பு எந்தப் பக்கம் திரும்பினால் எரியும் என்று தெரியாது. கடவுளே, இன்னும் எதற்கெல்லாம் நான் பொறாமைப்பட வேண்டும் என்று வாய்விட்டே கேட்டிருப்பேன்.

சட்டித் தயிரைக் கரண்டியால் வெட்டிப் போட்டபடி அவள் விஷயத்தைச் சொன்னாள். மாரி மழையில் வாவி நிரம்பும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல் மேடு. அதை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடும். எப்போது வெட்டுவது என்பதில்தான் வருடம் தவறாமல் சண்டை. மேற்கே படுவான்கரையில் வயற்காரர்கள், தண்ணீர் ஏறினால் அவர்களுடைய வட்டை, அதாவது வயற்பரப்பு, மூழ்கிவிடும். சீக்கிரம் வெட்டு என்பார்கள். கிழக்கே எழுவான்கரையில் மீனவர்கள். இறால் வளருமுன் வெட்டினால் அத்தனையும் கடலுக்குப் போய்விடும், பொறு என்பார்கள். ஆளுக்கொரு தடி நட்டு ஆளுக்கொரு அளவு சொல்வார்கள்.

“போன முறை கச்சேரிக் கூட்டத்துலயே கைகலப்பு வரப் பார்த்த, அக்கா. இந்த மாரியில இருந்து பெட்டி சொல்லுறதுதான் கணக்கு எண்டு ரெண்டு கரையும் ஒத்துக்கொண்டிருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் அது நடக்கும்.” கச்சேரி என்று அவள் சொன்னது மாவட்ட நிர்வாக அலுவலகத்தை.

“பார்க்கலாம்” என்றேன் பரீட்சை அதிகாரிபோல.

மறுநாள் காலை வாவியில் தோணி; அங்கே வாவியை ஆறு என்றே சொல்கிறார்கள். கூட வந்த இருவரைச் சொல்லியாக வேண்டும். அந்தோனி, மீனவர் சங்கத் தலைவர். கழுத்தில் ஜெபமாலையும் ஒரு பிளாஸ்டிக் அட்டையும். கணபதிப்பிள்ளை, வட்டவிதானை. படுவான்கரை வயல்களின் தண்ணீருக்கும் வரப்புத் தகராறுக்கும் பொறுப்பாக விவசாயிகள் தேர்ந்தெடுத்த ஆள். அவர் அட்டை சட்டைப் பையில், வெற்றிலைப் பொட்டலத்தோடு. போகிற வழியெல்லாம் இருவரும் சண்டை. நடுவில் இயந்திரத்தின் விசிறியில் ஆற்றுவாழைக் கொடி, எங்கள் ஊர் ஆகாயத்தாமரை, சிக்கிக்கொண்டது.

“உங்கட வயல்ல இருந்து வந்த குப்ப” என்றார் அந்தோனி, முழங்கையளவு கையை விட்டு அறுத்தபடி.

“ஓம், நான்தான் உனக்கெண்டு வளத்து அனுப்பின” என்றார் கணபதிப்பிள்ளை. ஆனால் தோணி ஆடாமல் மறுபக்கம் சாய்ந்து பிடித்துக்கொண்டவரும் அவர்தான்.

முதல் பெட்டி ஒரு கம்பத்தில் ஆள் உயரத்தில் இருந்தது. அந்தோனி தன் அட்டையை மூடியில் வைத்தார், பச்சை விளக்கு. அரை நிமிடத்துக்குள் கணபதிப்பிள்ளை தன்னுடையதை வைத்தார். பூட்டு விட்டது. ஒரு அட்டை மட்டும் இருந்தால் திறக்காது. இரண்டும் ஒரே கரையுடையதாக இருந்தாலும் திறக்காது. உள்ளே கை வைத்தால் அளவை மாற்றிவிடலாம் என்பதால் ஒரு மீனவர், ஒரு விவசாயி, இரண்டு பேரும் வேண்டும்.

“இது யாருடைய யோசனை?” என்று கேட்டேன்.

“புதிசா என்ன கிடக்கு மகள்?” என்றார் கணபதிப்பிள்ளை. “எங்கட கோயில்ல பெட்டகம் திறக்கிறண்டா எல்லாக் குடி வண்ணக்கரும் வரவேணும். ஆளுக்கொரு திறப்பு. ஒராள் வராட்டி மத்தவங்க பாத்துக்கிட்டு நிக்கவேண்டியதுதான்.” குடி என்பது அங்கே தாய்வழிக் குலம். ஒவ்வொரு குடிக்கும் கோயிலில் ஒரு பொறுப்பாளர், அவர் வண்ணக்கர். திறப்பு என்றால் சாவி.

ரகசியத்தைப் பலரிடம் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தால் ஒருவரும் தனியே துரோகம் செய்ய முடியாது. இதைத்தான் நான் பதினொரு வருடமாகச் சமன்பாடு சமன்பாடாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இவள் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. பித்தம் என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

“உங்கட முறையத்தான் அக்கா முதல்ல போட்டுப் பார்த்தன்” என்றாள் சுகந்தினி. “நல்லா வேல செஞ்ச. ஆனா பத்து நாளில பற்றரி செத்துப்போச்சு. மறுகா கழட்டிட்டன்.”

நல்லதைச் சொல்கிற முகத்தோடு சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம்.

திரும்பும்போது அந்தோனி எனக்கு ஒப்பந்தத்தை விளக்கினார். “சுகந்தினி மிஸ்ஸும் தனியாத் திறக்கேலா. திறந்தா, எட்டுப் பெட்டியையும் கழட்டிக்கிட்டுப் போயிரவேணும். எழுதிக் கையொப்பம் வெச்சிருக்கு.” சுகந்தினி தலையாட்டினாள். ஐந்து வருட வேலையை ஒரு வரியில் அடகு வைத்துவிட்டு எப்படித்தான் தூங்குகிறாளோ.

மதியம் அந்தோனி வீட்டில் சோறு. அவர் மனைவி மேரி ஒட்டி மீன் பொரித்துப் போட்டார். “அட்டையைக் கொஞ்சம் காட்டுங்களேன்” என்று இருவரையும் கேட்டேன். “இதென்ன பொன்னா? பாருங்க” என்று கணபதிப்பிள்ளை நீட்டினார். அந்தோனி கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். மடியில் கைப்பை. கைப்பைக்குள் கருவி. இரண்டு அட்டையும் மலிவான ரகம், அதற்குள் மாறாத ஒரு எண்ணைத் தவிர ஒன்றுமில்லை. யார் கேட்டாலும் அதையே ஒப்பிக்கும். பொரியல் ஆறுவதற்குள் இரண்டையும் படித்துவிட்டேன். மேரி இன்னொரு துண்டு மீன் வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் நடுப்பகல். சுகந்தினிக்கு அவள் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தில் வகுப்பு. ஊர் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் நேரம். மீனவர் துறைக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டி உண்டு, தண்ணீர் முழங்கால் அளவுதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் இரண்டு வெற்று அட்டைகளுமாக இறங்கினேன். அந்த இரண்டிலும் அவர்களுடைய எண்ணைப் பதிந்திருந்தேன்.

முதல் அட்டை. பச்சை. இரண்டாவது அட்டை. க்ளிக்.

அடியே சுகந்தினி, மாட்டிக்கொண்டாயா என்று சத்தமாகவே சொன்னேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. எதையும் தொடவில்லை. படம் எடுத்துக்கொண்டு மூடிவிட்டு வந்தேன். அறிக்கையின் முதல் வரி நடக்கும்போதே மனதில் ஓடியது.

எந்தப் பெட்டி திறந்தாலும் அந்தக் கணமே இரண்டு கரையிலும் பன்னிரண்டு கைபேசிக்குச் செய்தி போகும் என்று அவள் தந்த ஆவணத்தில் இருபத்தேழாம் பக்கத்தில் இருந்தது. பொறாமைக்காரிக்கு இருபத்தேழாம் பக்கம்வரை படிக்கப் பொறுமை ஏது?

ஐந்து மணிக்கு மீனவர் சங்கக் கட்டடத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு கரை ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாகத் தோணியில்கூட ஓயாமல் பேசுகிற அந்தோனியும் கணபதிப்பிள்ளையும் ஆளுக்கொரு மூலையில். திறந்தது அவர்கள் இருவருடைய அட்டையும்தான் என்று செய்தி சொல்கிறது. இருவருமே அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததாகச் சொல்கிறார்கள். சுகந்தினி வகுப்பிலிருந்து நேரே வந்திருந்தாள். கைபேசியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

கணபதிப்பிள்ளை எழுந்தார். “கோயில்ல கேக்கிற மாதிரியே கேக்கிறன். ஆர்ர பேரும் சொல்லமாட்டன். மூணு தரம் கேப்பன். பெட்டியத் திறந்தவங்க சொல்லலாம்.”

நான் கூரையைப் பார்த்தேன்.

“ரெண்டாந்தரம் கேக்கிறன்.”

சொல்லத்தான் போகிறேன், ஆனால் அறிக்கையில் சொல்வேன், அதுதான் முறை என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டிருந்தேன். இவர்கள் முன்னால் மீன் சாப்பிட்ட கையாலேயே திருடினேன் என்று எப்படிச் சொல்வது?

“மூணாந்தரம்.”

“நான்தான்” என்றாள் சுகந்தினி.

எழுந்து நின்றாள். “சோதனைக்காக நான்தான் திறந்த. மிஸ்ஸுக்கு இதில ஒண்டுமில்ல. ஒப்பந்தப்படி பெட்டியக் கழட்டிருறன்.”

ஒரு நிமிடம் நான் பேசாமல் இருந்தேன். இந்தக் கட்டுரையில் எதை விட்டாலும் அந்த நிமிடத்தை விடக்கூடாது. எனக்குள் ஒரு குரல், கெட்ட குரல் என்று சொல்லமாட்டேன், என் குரல்தான், “விடு, அவளாகவே விழுந்துவிட்டாள்” என்றது. எட்டுப் பெட்டியும் போகும். நான் ஊருக்குப் போய் ஓட்டையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம். யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. அவளுடைய கை தோள்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. விருந்தாளியின் மானத்துக்காக ஐந்து வருட வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறாள். இதில்கூட இவள் என்னை முந்திவிட்டாளே என்ற ஆத்திரத்தில்தான் நான் எழுந்தேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

“அவள் பொய் சொல்கிறாள். நான் திறந்தேன். உங்கள் அட்டை இரண்டையும் நேற்றுச் சாப்பிடும்போது திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டேன்” என்றேன்.

கணபதிப்பிள்ளை உட்கார்ந்தார். “தெரியும் மகள்” என்றார்.

“என்ன தெரியும்?”

மேரிதான் பதில் சொன்னார். “வெயிலுக்க குடையும் பிடிச்சிக்கிட்டு, சீலையத் தூக்கிச் செருகிக்கிட்டு ஒராள் ஆத்துக்குள்ள இறங்கினா எங்களுக்குத் தெரியாதா, மிஸ்? இறால் காயவெச்சிக்கிட்டு ஆறு பேர் இருந்த நாங்க. எல்லாரும் கண்ட நாங்க.”

“அப்புறம் ஏன் கேட்டீர்கள்?”

“நீங்க சொல்லுறீங்களா எண்டு பாக்கத்தான்” என்றார் அந்தோனி. “சுகந்தினி மிஸ் இடையில எழும்பிக் குழப்பிட்டா.”

உணரிகளில் எதிரி நுழைவதைக் கண்டுபிடிக்கும் முறைகள் என்று நான் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறேன். பேட்டரியே கேட்காத இந்த ஆறு பேர் அதில் இல்லை.

“அது கிடக்கட்டும்” என்றார் கணபதிப்பிள்ளை. “ஆத்தோரத்துப் பெட்டியத் திறந்தா நாங்க காணுவம். நடு ஆத்துல, மழைக்குள்ள, ஆர் காணுற? உங்களால ஏலுமெண்டா வேற ஆரும் செய்வாங்க. ஆருக்கும் ஏலாமப் பண்ண உங்களுக்குத் தெரியுமா?”

இத்தனை வருடத்தில் என்னிடம் இந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்டதில்லை. கட்டுரையைப் பரிசீலிக்கும் நடுவர்கள் சொல்வார்கள், தலைப்பு சரியில்லை, மேற்கோள் போதாது என்று. நான் கரும்பலகைக்குப் போனேன். மீன் விலை எழுதியிருந்த பக்கத்தைத் துடைத்தேன்.

“இப்போது உங்கள் அட்டை கேட்டவர்களுக்கெல்லாம் தன் பெயரைச் சொல்கிறது. அதனால்தான் நான் திருடினேன். இனிமேல் பெட்டி ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கேள்வி கேட்கும். உண்மையான அட்டைக்கு மட்டும்தான் பதில் தெரியும். இன்றைய பதிலை ஒருவன் ஒட்டுக்கேட்டாலும் நாளைக்கு அது உதவாது, கேள்வி மாறியிருக்கும்.”

“பற்றரி?” என்றாள் சுகந்தினி உடனே. பாவி, அந்த நேரத்திலும்.

“எப்போதும் ஓடவிட்டால்தான் என் முறை பேட்டரியைத் தின்னும். திறக்கும்போது மட்டும் விழிக்கட்டும். மாதம் ஒரு தடவைதானே?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சுண்ணக்கட்டியை என் கையிலிருந்து வாங்கி, நான் போட்டதில் ஒரு பிழையைத் திருத்தினாள். பிழைதான். விளக்கு வைக்கிற நேரம்வரை இரண்டு பேரும் பலகையில் எழுதி அழித்துக்கொண்டிருந்தோம். புது அட்டை மாரிக்கு முன்னால் வந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். சரி என்றார்கள். அந்தோனியும் கணபதிப்பிள்ளையும் மறுபடி ஆற்றுவாழையைப் பற்றிச் சண்டையைத் தொடங்கினார்கள்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

“ஏன்டி பொய் சொன்னாய்? எல்லாம் போயிருக்குமே.”

“நான் கூப்பிட்ட ஆள். நான்தானே பொறுப்பு.”

“என்னை ஏன் கூப்பிட்டாய்? உனக்கு வேறு ஆளா கிடைக்கவில்லை?”

அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். கோபம் இருந்தது, இப்போதுதான் அதைப் பார்த்தேன். “உங்களுக்கு என்னில எரிச்சல் எண்டு எனக்குத் திருச்சியிலயே தெரியும், அக்கா. என்னில விருப்பமான ஆக்களக் கூப்பிட்டா இறாலத் திண்டுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாங்க. பிழை இருந்தா மழைக்குள்ள தெரியும், அப்ப ரெண்டு கரையும் அடிபட்டுக்கொள்ளும். நான் எங்க பிழை விட்டிருப்பன் எண்டு நித்திர கொள்ளாமத் தேடக்கூடிய ஆள் உலகத்துல நீங்க ஒராள்தான். அதுதான் கூப்பிட்ட.”

பாலத்துக்குக் கீழே யாரோ வலை வீசிக்கொண்டிருந்தார்கள். அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, “ஏறுங்க, அவர் சமைச்சிக்கிட்டு இருப்பார்” என்றாள்.

ஏறி உட்கார்ந்தேன். பதினான்கு வருடமாக நான் சோறு போட்டு வளர்த்த பொறாமை அது. அதனால் எனக்கு ஒரு நல்ல கட்டுரைகூடத் தேறியதில்லை. இவள் மூன்றே நாளில் அதைக்கொண்டு தன் எட்டுப் பெட்டியின் ஓட்டையையும் அடைத்துக்கொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதற்கும் பொறாமையாகத்தான் இருந்தது.